அனிமோன் இருந்த கல்

ஆர்.எஸ்.புரம், கோயம்புத்தூர்
12 ஜூன் 2025

நவ்யாவுக்கு,

தொலைபேசியில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் நீ வைத்துவிடுகிறாய், இல்லையென்றால் நான் வைத்துவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆகவே கடிதம். பதிலும் கடிதமாகவே வரட்டும். தேதி போட்டு எழுது.

விஷயம் தேஜாவின் மீன்தொட்டி. என் மகன் போய் எட்டு மாதம். நீ உன் அப்பா வீட்டுக்கு ஆனைமலை போய் ஏழு மாதம். இந்த ஏழு மாதமும் தொட்டியைப் பார்ப்பது நான். நீ சுவரில் ஒட்டிவிட்டுப் போன காகிதத்தில் உள்ள எதையும் நான் தவறவிடவில்லை. உப்பின் அளவைக் கருவியில் பார்க்கிறேன். சூட்டை இரண்டு வேளையும் குறித்து வைக்கிறேன். ஆவியாகிற தண்ணீருக்கு ஈடாகக் காலை ஆறரைக்கு உப்பில்லாத தண்ணீர் விடுகிறேன். எழுபத்திரண்டு வயதில் ஒரு நர்ஸ் போல வேலை செய்கிறேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை.

இரண்டு க்ளவுன் மீன்களும் நன்றாக இருக்கின்றன. அந்தக் கடல் உயிர், அனிமோன்தான் சரியில்லை. கைப்பிடி நிறைய விரல்களை விரித்த மாதிரி நடுக்கல்லில் ஒட்டிக்கொண்டு, அந்த மீன்களைத் தனக்குள் வைத்துக்கொண்டு இருந்ததே, அது மூன்று வாரமாகச் சுருங்குகிறது. மண் நிறமாக இருந்த விரல்கள் வெளுத்துவிட்டன. வாய் திறந்தபடி இருக்கிறது. தேஜா ஆறு வருடம் வளர்த்தது. உன் காகிதத்தில் எதையோ எழுதாமல் விட்டிருக்கிறாய். என்ன அது?

இன்னொன்று. சாயங்காலம் ஏழு மணிக்குத் தொட்டியின் பம்ப் தானாக நிற்கிறது. பத்து நிமிடம் கழித்து ஓடுகிறது. தீனி போடும் நேரத்துக்காக தேஜா அப்படி அமைத்தது என்று தெரியும். இந்த வீட்டில் நாள் முழுக்க இருக்கும் சத்தம் அது ஒன்றுதான். அது நிற்கும்போது வீடே மூச்சை நிறுத்தின மாதிரி ஆகிறது. அந்தப் பத்து நிமிடமும் மீன்கள் இரண்டும் கண்ணாடியின் இடது ஓரத்துக்கு வந்து, அவன் உட்காரும் பிரம்பு நாற்காலியைப் பார்த்து நிற்கின்றன. நான் வலது பக்கம் நின்று தீனி போடுகிறேன். என் பக்கம் திரும்புவதில்லை.

ஒரு நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டும் ஓடி ஒளிந்துகொண்டன.

பேய் பிசாசு நம்புகிறவள் அல்ல நான். கன்னியாஸ்திரிகளிடம் பதினோரு வருடம் படித்தவள். அந்த பம்பின் ஏற்பாட்டை எப்படி மாற்றுவது என்று எழுது.

ரங்கநாயகி


ஆனைமலை
17.6.25

அத்தைக்கு,

நமஸ்காரம். தேதி போட்டிருக்கிறேன்.

அனிமோன் வெளுப்பதற்குப் பல காரணம் இருக்கலாம் என்று அவர் சொல்வார். வெளிச்சம் குறைந்திருக்கலாம், விளக்கு பழசாகியிருக்கலாம். உப்பு கூடியிருக்கலாம். தண்ணீர் சுத்தம் செய்யும் ஆர்.ஓ. மிஷினின் ஃபில்டரை ஏப்ரலில் மாற்றியிருக்க வேண்டும். அதை நான் எழுதாமல் விட்டுவிட்டேன், என் தவறுதான். உக்கடத்தில் பெரிய குளத்துக்குப் பக்கத்தில் மீன் கடை வைத்திருக்கும் அப்துல் நாசர் பாயைக் கூப்பிடுங்கள். உங்கள் மகன் அந்த அனிமோனை அவரிடம்தான் வாங்கினார். வந்து பார்ப்பார். நல்ல மனிதர்.

பம்பின் ஏற்பாடு உங்கள் மகனுடைய செல்போனில் இருக்கிறது. செல்போன் என்னிடம் இருக்கிறது. மாற்றச் சொன்னால் மாற்றுகிறேன். ஆனால் அத்தை, இன்னும் ஒரு தடவை யோசித்துச் சொல்லுங்கள். அவர் சொன்னபடி இன்னும் நடப்பது அது ஒன்றுதான் அந்த வீட்டில்.

எழுத உட்கார்ந்தது இதற்காக மட்டும் இல்லை. நேரில் கேட்க வாய் வரவில்லை. கடிதம் என்று நீங்களே ஆரம்பித்ததால் கேட்கிறேன்.

அன்று காலை எட்டேகாலுக்கு வலி வந்தது என்றீர்கள். ஆம்புலன்ஸுக்குச் சொன்னது பத்து மணிக்கு. இடையில் ஐந்து பத்து நிமிடம் இல்லை, ஒன்றே முக்கால் மணி நேரம். நான் சென்னையில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். செல்போனை மேஜைமேல் கண்ணெதிரே வைத்திருந்தேன். அவரிடமிருந்து ஒரு அழைப்பு வரவில்லை. ஒரு வரி செய்தி வரவில்லை. சளி பிடித்தால்கூட எனக்குச் சொல்கிறவர்.

ஏன் என்னைக் கூப்பிடவில்லை? கடைசியாக என்ன பேசினார்? உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

நவ்யா


ஆர்.எஸ்.புரம்
23 ஜூன் 2025

நவ்யாவுக்கு,

விளக்கு புதிது. மார்ச்சில் நானே ஆள் வைத்து மாற்றினேன். உப்பு நீ எழுதிய அளவில்தான் இருக்கிறது, ஒரு புள்ளி கூடவில்லை. ஆர்.ஓ. மிஷின் ஏப்ரல் கடைசியில் நின்றுபோயிற்று. ரிப்பேர்காரனுக்கு மூன்று முறை சொல்லி வரவில்லை. அதற்காகத் தொட்டியைக் காயவிடவில்லை, நல்ல தண்ணீர்தான் விடுகிறேன். இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவளிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்காதே.

கடைக்காரரை வீட்டுக்குக் கூப்பிடும் நிலைக்கு நான் இன்னும் வரவில்லை. விற்றவரைக் கேட்டால் இன்னொன்று வாங்கச் சொல்வார்.

பம்பை மாற்ற வேண்டாம். அப்படியே இருக்கட்டும்.

பாத்திரம் துலக்க வரும் ராசாத்தாள் நேற்று ஏழு மணி வரை இருந்தாள். பம்ப் நின்றது. மீன்கள் இடது ஓரத்துக்கு வந்தன. அவள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, “சின்னவரு உக்காந்துட்டாருங்க, நான் அந்தப் பக்கம் கூட்டுலீங்க” என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். நாற்காலிக்கு முதுகைக் காட்டாமல், பின்னால் நடந்தே சமையலறைக்குப் போனாள். நான் திட்டினேன். பிறகு கவனித்தேன், நானும் ஒரு மாதமாக அந்தப் பக்கம் காலை நீட்டி உட்காருவதில்லை.

பிரம்பு சாயங்காலக் காற்றுக்கு இறுகும்போது சத்தம் போடும். எல்லாப் பிரம்பு நாற்காலியும் போடும். அந்தப் பத்து நிமிடத்தில் மட்டும் கேட்பது, மற்ற நேரம் பம்ப் ஓடுவதால்.

உன் கேள்விக்குப் பதில்: வலிக்கிறது என்றான். படுத்தான். போய்விட்டான். வேறு ஒன்றும் பேசவில்லை. இதைத் திரும்பக் கேட்காதே. வீட்டில் யார் இருந்திருக்க வேண்டுமோ அவர் இருந்திருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

ரங்கநாயகி


ஆனைமலை
28.6.25

அத்தைக்கு,

கடைசி வரியை இப்போது எழுத்தாகவே எழுதிவிட்டீர்கள். பத்தாம் நாள் காரியத்தில் எல்லார் முன்னாலும் வாயால் சொன்னீர்கள். ‘கட்டினவள் பக்கத்தில் இருந்திருந்தால் பிழைத்திருப்பான்.’ பந்தியில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் வந்தேன். தொட்டியை விட்டுவிட்டு வந்தது அக்கறை இல்லாமல் அல்ல. அனிமோனைக் கல்லிலிருந்து பிய்த்தால் செத்துவிடும்.

இங்கே மாசாணியம்மன் கோயிலில் அநியாயம் நடந்தவர்கள் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். அம்மா போன வாரம் என்னைக் கூட்டிப் போனாள். ‘பழி போட்டவங்களுக்கு எரியட்டும், அரைச்சுப் பூசு கண்ணு’ என்றாள். அம்மிக்கு முன்னால் உட்கார்ந்தேன். மிளகாயைக் கையில் எடுத்தேன். பக்கத்தில் ஒரு அம்மா அரைத்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தார். நான் எழுந்து வந்துவிட்டேன். யார் பேரை நினைத்து அரைப்பது? உங்கள் பேரையா? என் பேரும் அல்லவா கூடவே வருகிறது. இருந்திருந்தால், இருந்திருந்தால் என்று நானே ராத்திரி பகலாக அரைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நாசர் பாயிடம் நானே பேசிவிட்டேன். உங்களைக் கேட்காமல் பேசியதற்கு மன்னிக்கவும். அனிமோன் வாய் திறந்திருக்கிறது என்றதும் பதறிப்போனார். அது செத்துத் தொட்டியிலேயே கிடந்தால் மீன்களும் போய்விடுமாம். தயவுசெய்து அவரை உள்ளே விடுங்கள்.

நவ்யா


ஆர்.எஸ்.புரம்
9 ஜூலை 2025

நவ்யாவுக்கு,

அனிமோன் இல்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நாசர் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து மூன்று மணிக்கு வந்தார். செருப்பை வாசலுக்கு வெளியிலேயே விட்டார். தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். பிறகு, “தேஜா சார் இதுக்கு இறால் ஊட்டறதப் பாக்கறதுக்கே நான் வருவனுங்க” என்றார். கொண்டுவந்த பெட்டியைத் திறந்து, சின்னக் குழாய்களில் தண்ணீரை எடுத்து ஒவ்வொரு மருந்தாகச் சொட்டுவிட்டுப் பார்த்தார். நான்கு சரியாக இருந்தன. எனக்குப் பெருமையாக இருந்தது. ஐந்தாவதில் நிறம் மாறியது. இன்னொரு குழாயில் எடுத்து மறுபடி பார்த்தார். அதுவும் மாறியது.

“ஏனுங்கம்மா, மேல ஊத்தற தண்ணி எங்கீங்க புடிக்கறீங்க?”

சிறுவாணிக் குழாயில் என்றேன்.

“நல்ல தண்ணிதானுங்க. எதுல புடிச்சு வெப்பீங்க?”

நான் பதில் சொல்வதற்குள் ராசாத்தாள் அவரைச் சமையலறைக்குக் கூட்டிப் போய்விட்டாள். அவளுக்கும் பெருமைதான். உன் மாமனாரின் அம்மா காலத்துச் செம்பு அண்டா. வாரம் இரண்டு முறை புளி போட்டு அவள் துலக்குவது. முதல் நாள் சாயங்காலம் பிடித்து, வெள்ளைத் துணி கட்டி, இரவு முழுக்க நிற்க வைத்த தண்ணீர். நாங்கள் குடிப்பது அதைத்தான். என் பிள்ளைக்கும் அதைத்தான் கொடுத்து வளர்த்தேன். மிஷின் தண்ணீர் சக்கை. அதைவிட மேலானதைக் கொடுப்பதாக நினைத்துத் தினமும் ஒன்றரைச் சொம்பு, பத்து வாரம் விட்டிருக்கிறேன்.

செம்பு தண்ணீரில் இறங்குமாம். மனிதருக்கு நல்லது. மீனுக்குப் புண் வந்தால் கடைக்காரர்கள் மருந்தாகவே செம்பு விடுவார்களாம். அனிமோனுக்கு மட்டும் விஷம். தண்ணீர் ஆவியாகும், செம்பு போகாது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

நாசர் இதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அண்டாவைப் பார்த்துச் சொன்னார். பிறகு ராசாத்தாளிடம் ஒரு சொம்பு கேட்டு வாங்கி, அந்தத் தண்ணீரையே அண்ணாந்து குடித்தார். “தேனாட்டம் இருக்குதுங்க. அதுக்குத்தான் ஆகலீங்க, நீங்க என்னங்க பண்ணுவீங்க” என்றார். ஒரு கடைக்காரர் என் மானத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

அனிமோனைக் கையுறை போட்டு எடுத்தார். எடுக்கும்போது எதிர்க்கவில்லை, கல்லை விட்டுத் தானாக வந்தது. வேறு ஒன்று கொண்டுவந்து வைக்கலாமா என்று கேட்டேன். கல்லுக்குள் செம்பு ஊறிவிட்டதாம், இனி இந்தக் கல்லில் எதுவும் ஒட்டிப் பிழைக்காது என்றார்.

இப்போது நான் சொல்லப்போவதை யாரிடமும் சொல்லாதே. மீன்கள் அந்தக் கல்லை விட்டுப் போகவில்லை. விரல்களுக்குள் உடம்பைத் தேய்த்துக்கொள்ளுமே, அதே போல வெறும் கல்லின்மேல், ஒன்றும் இல்லாத இடத்தில், உடம்பை நெளித்துத் தேய்த்துக்கொள்கின்றன. சிறியது உள்ளே நுழைவது போல நுழைகிறது. பெரியது வாசலில் காவல் நிற்கிறது. ஐந்து நாளாகப் பார்க்கிறேன். பகலில் பார்க்கும்போது மீனுக்கு அறிவு அவ்வளவுதான் என்று தோன்றுகிறது. ஏழு மணிக்கு பம்ப் நின்றதும் அப்படித் தோன்றுவதில்லை.

ரங்கநாயகி


ஆனைமலை
14.7.25

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். பிறகு கொஞ்சம் சிரித்தேன். நாசர் பாய் தண்ணீர் குடித்ததை நினைத்து.

இது உங்கள் தப்பு இல்லை. ஆர்.ஓ. தண்ணீர் என்றுதான் நான் எழுதியிருந்தேனே தவிர, ஏன் என்று எழுதவில்லை. செம்பு கூடாது என்று எழுதவில்லை. அவர் இதை என்னிடம் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். கல்யாணமான புதிதில் நான் செம்பு வளையல் போட்டுக்கொண்டு தொட்டியில் கையை விட்டபோது பிடித்து இழுத்தார். எனக்கு அது நினைவே இல்லை. இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மீன்கள் பிழைக்கும். கொஞ்ச நாளில் வேறு மூலையைப் பழகிக்கொள்ளும். பெரியது பெண், தெரியுமா? நீங்கள் எப்போதும் அதை ‘அவன்’ என்பீர்கள். அவர் திருத்தமாட்டார், சிரிப்பார்.

தொட்டி உங்களிடமே இருக்கட்டும். எனக்கு வேண்டாம். உங்கள்மேல் கோபமும் முன்னைப்போல் இல்லை. மிச்சம் இருப்பது ஒன்றுதான். திரும்பக் கேட்காதே என்று எழுதியிருந்தீர்கள். கேட்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவர் என்னை நினைக்கவே இல்லையா? அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தில் என் பேர்கூட வரவில்லையா? வரவில்லை என்றால் வரவில்லை என்றே இன்னொரு முறை எழுதிவிடுங்கள். முடித்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு கேட்க மாட்டேன்.

நவ்யா


ஆர்.எஸ்.புரம்
2 ஆகஸ்ட் 2025

நவ்யாவுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. பதினெட்டு நாள் பதில் போடாமல் இருப்பது என் பழக்கம் அல்ல. நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்க மாட்டேன்.

நீ கேட்டபடி ‘வரவில்லை’ என்று ஒரு சொல் எழுதிவிட்டால் நீ முடித்துக்கொள்வாய். பேனாவை எடுத்து எழுதவும் செய்தேன். எழுதிய அன்று சாயங்காலம் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். பம்ப் நின்றது. நாற்காலியிலிருந்து சத்தம் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. மீன்களும் நாற்காலிப் பக்கம் வரவில்லை. கல்லின்மேல் தேய்த்துக்கொண்டே இருந்தன. வந்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

ஜூன் இருபத்து மூன்றாம் தேதி நான் எழுதியது பொய்.

அன்று எட்டேகாலுக்கு மாடியிலிருந்து இறங்கி வந்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இங்கே இறுக்குகிறது என்றான். முந்தின நாள் கல்யாண வீட்டில் சாப்பிட்டிருந்தான். வாயு என்றேன். ஓமம் கொதிக்க வைத்துக் கொடுத்தேன். தொட்டிக்கு எதிரே சோபாவில் படுத்தான். அவன் செல்போன் மாடியில் சார்ஜில் இருந்தது. எட்டரை மணி இருக்கும், “நவ்யாவைக் கூப்பிடம்மா” என்றான். மீட்டிங்கில் இருப்பாள், எதற்கு அவளைப் பயமுறுத்த வேண்டும், நான் இருக்கிறேனே என்றேன். கண்ணை மூடிக்கொண்டான். வியர்த்தது. துடைத்துவிட்டேன். ஒன்பதேகாலுக்கு மறுபடி கேட்டான். “அவளிடம் பேச வேண்டும், போனை எடுத்துக் கொடம்மா” என்றான். முதலில் இதைக் குடி என்று இன்னொரு டம்ளர் கொடுத்தேன்.

உன்னைப் பயமுறுத்த வேண்டாம் என்பது காரணம் அல்ல. அதையும் எழுதிவிடுகிறேன். நீ எடுத்திருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றிருப்பாய். அவன் உன் பேச்சைக் கேட்டு எழுந்திருப்பான். என் வீட்டில், என் கையால் மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும்போது, என் பிள்ளைக்கு என்ன செய்வது என்று நேற்று வந்தவள் சென்னையிலிருந்து சொல்ல வேண்டுமா என்று இருந்தது. அவ்வளவுதான் காரணம். மாடிக்குப் பதினெட்டுப் படி. ஏறியிருக்கலாம்.

பத்து மணிக்குக் கை சில்லிட்டபோதுதான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன்.

பத்தாம் நாள் நான் அதைப் பந்தியில் சொன்னது, யாராவது என்னைக் கேட்பதற்கு முன்னால் உன்னைக் காட்டிவிட வேண்டும் என்று. திட்டம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் வாயில் வந்த பிறகு திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை.

நேற்று உன் பெரிய மாமனாரைத் தொலைபேசியில் கூப்பிட்டு இதையே சொன்னேன். பெரியநாயக்கன்பாளையத்தில் பட்டறைச் சத்தத்துக்கு நடுவில் இருந்தார். சரியாகக் கேட்கவில்லை என்று இரண்டாம் முறை சொல்ல வைத்தார். சொன்னேன். “விடும்மா, விதி” என்றார். விதி இல்லை, நான் என்றேன். மற்றவர்களுக்கு அவர் சொல்லிவிடுவார். சொல்லாவிட்டால் வருடாந்திரக் காரியத்தில் நானே சொல்கிறேன்.

அவன் உன்னை நினைத்தான். உன்னைத்தான் கேட்டான்.

ரங்கநாயகி


ஆனைமலை
7.8.25

அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவிடம் காட்டவில்லை. தென்னந்தோப்பில் உட்கார்ந்து படித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன்.

மன்னிப்பு என்று எழுதலாம் என்று பார்த்தேன், எழுத்து வரவில்லை. அது என்னிடம் இப்போது இல்லை. பின்னால் வருமா என்றும் தெரியாது. நீங்கள் கேட்கவும் இல்லை.

ஆனால் ஒன்று. நாம் வீட்டில் பேசுவது தெலுங்கு. உங்களுக்கும் எனக்கும் அதை எழுதத் தெரியாது, அதனால் தமிழில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் இந்தத் தாளில் இருப்பது அவர் சொன்னது அல்ல. அவர் உங்களிடம் தெலுங்கில்தானே சொல்லியிருப்பார். அவர் மூச்சு வாங்கும்போது கடைசி எழுத்தை இழுப்பார். என் பேரையே முழுசாகச் சொன்னாரா, வழக்கம்போலச் சுருக்கினாரா என்றுகூட இதில் தெரியவில்லை. அது உங்கள் காதில் மட்டும்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். உக்கடத்தில் இறங்கி ஆட்டோ பிடித்துக்கொள்வேன், யாரையும் அனுப்ப வேண்டாம். சமைக்க வேண்டாம். அழ வேண்டாம், நானும் அழாமல் இருக்கப் பார்க்கிறேன். எனக்கு எதிரே உட்கார்ந்து, அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே ஒரு தடவை சொல்லிக் காட்டுங்கள்.

இரண்டு முறை கேட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் சொல்லுங்கள்.

நவ்யா